பிளஸ் ஒன், பிளஸ் டூ ரெண்டு வருஷம்: போர்டு மார்க்கா, ஜேஈஈயா, நீட்டா, எதைக் குறி வச்சுப் படிக்கிறது?

பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாளே எல்லார் வீட்லயும் பேச்சு ஆரம்பிச்சிடும், என்ன குரூப் எடுக்கறது, எந்த ஸ்கூல்ல சேக்கறது, கோச்சிங் போடலாமா வேணாமான்னு. நான் பிளஸ் ஒன் பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுக்கறேன், மே மாசம் ஆனா வர்ற அப்பா அம்மா எல்லாரும் குரூப் பத்திதான் கேக்கறாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அடுத்த ரெண்டு வருஷம் இந்தப் பிள்ளை எந்த எக்ஸாமுக்காகப் படிக்கப் போகுது? காலேஜ் சீட்டை எந்த மார்க்கைப் பாத்துக் குடுக்கறாங்களோ அதுதான் குறி. சயின்ஸ் எடுக்கற பிள்ளைங்களுக்கு தமிழ்நாட்ல இப்போ முக்கியமா மூணு இருக்கு, பிளஸ் டூ போர்டு மார்க், ஐஐடி என்ஐடி மாதிரி மத்திய அரசு இன்ஜினியரிங் காலேஜுக்கு ஜேஈஈ, டாக்டர் படிப்புக்கு நீட். மூணுக்கும் சேத்துப் படிக்கறேன்னு சொல்ற பிள்ளைங்கதான் கடைசியில ரொம்ப தவிச்சுப் போறாங்க, அதனாலதான் ஒவ்வொண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதலாம்னு தோணுச்சு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பெரும்பாலான பிள்ளைங்களுக்கு போர்டு மார்க்தான் முதல் குறியா இருக்கணும், அதோட கூட ஒரே ஒரு என்ட்ரன்ஸ். ஏன்னு கீழ சொல்றேன், யாருக்கு இது பொருந்தாதுன்னும் சொல்றேன்.

முதல்ல போர்டு. இன்ஜினியரிங்குக்கு தமிழ்நாட்ல தனியா நுழைவுத் தேர்வு இருந்துச்சு, 2006ல சட்டம் போட்டு அதை எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் டிஎன்இஏன்னு சொல்ற தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங் முழுக்க பிளஸ் டூ மார்க்தான். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், குரோம்பேட்டை எம்ஐடி, கோயம்புத்தூர் ஜிசிடி, பிஎஸ்ஜி டெக், மதுரை தியாகராசர், இதுல எல்லாம் கவுன்சிலிங் சீட்டுக்கு ஜேஈஈ ஸ்கோர் தேவையே இல்ல. நல்ல இன்ஜினியரிங் காலேஜ்னாலே ஜேஈஈ எழுதித்தான் ஆகணும்னு நெனச்சு லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டறவங்க இன்னமும் இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்றேன்.

கவுன்சிலிங்ல ரேங்க் போடற மார்க்குக்குப் பேர் கட்-ஆஃப், அது 200க்கு. மேத்ஸ் மார்க் 100 அப்படியே வரும், பிசிக்ஸ் 100ஐ 50ஆ கொறைப்பாங்க, கெமிஸ்ட்ரியும் அதே மாதிரி 50. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான், ஆனா இதை வச்சு படிக்கிற நேரத்தைப் பிரிக்கறவங்க ரொம்பக் கம்மி. ஒரு உதாரணம் பாருங்க, ஒரு பொண்ணு மேத்ஸ் 98, பிசிக்ஸ் 85, கெமிஸ்ட்ரி 85 எடுக்குது, கட்-ஆஃப் 183. இன்னொரு பொண்ணு மேத்ஸ் 85, பிசிக்ஸ் 98, கெமிஸ்ட்ரி 98, இதுக்கும் கட்-ஆஃப் அதே 183. மூணு சப்ஜெக்ட் டோட்டல் பாத்தா ரெண்டாவது பொண்ணு 13 மார்க் அதிகம் வாங்கியிருக்கு, கவுன்சிலிங்ல அது எங்கயும் தெரியாது. அதனால இன்ஜினியரிங் குறின்னா மேத்ஸ்ல ஒரு மார்க் விடறது ஒரு கட்-ஆஃப் மார்க் விடறது, பிசிக்ஸ்ல விட்டா அரை.

இன்னும் கொஞ்சம் உள்ள போங்க. மேத்ஸ் பேப்பர் 90க்கு, இன்டர்னல் 10. அந்த 90ல 20 மார்க் ஒன் வேர்டு, அப்புறம் ரெண்டு மார்க் ஏழு, மூணு மார்க் ஏழு, அஞ்சு மார்க் ஏழு. அந்த 20 ஒன் வேர்டும் சரியா போட்டா 20 கட்-ஆஃப் மார்க் கையில, அதையே பிசிக்ஸ்ல சம்பாதிக்கணும்னா 40 மார்க் எடுக்கணும். ஆனா என்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேர் அஞ்சு மார்க் கணக்கை மனப்பாடம் மாதிரி போட்டுப் பாத்துட்டு ஒன் வேர்டை கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்கறாங்க. புக் பேக்ல, அதாவது பாடத்துக்குப் பின்னாடி பயிற்சில இருக்கறது அப்படியே வரும்ங்கற நம்பிக்கை, வரவும் செய்யும், ஆனா பாடத்துக்கு உள்ள இருந்து திருப்பிக் கேக்கற ஒன் வேர்டுங்க இருக்கே, 190க்கு மேல போற பிள்ளையையும் 185ல நிக்கற பிள்ளையையும் பிரிக்கறது அதுதான். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி எல்லாம் தியரி 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10, அதுல 30 மார்க் ஸ்கூல் ஒழுங்கா இருந்தா பெரும்பாலும் வந்துடும், மார்க் போறதெல்லாம் அந்த 70லதான்.

போர்டு மார்க்கோட பெரிய பலம் என்னன்னா அது ஒரே ஒரு படிப்போட நின்னுடறது இல்ல. இன்ஜினியரிங் போக, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல பிஎஸ்சி அக்ரி, கால்நடை மருத்துவத்துல மாநில ஒதுக்கீட்டு சீட்டு, பி.ஃபார்ம், பிஎஸ்சி நர்சிங், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துல அஞ்சு வருஷ லா, அரசு கலை அறிவியல் காலேஜ் எல்லாமே பிளஸ் டூ மார்க்லதான். வெட்டினரிக்கு நீட் வேணும்னு நெனச்சுட்டு அப்ளை பண்ணாமலே விட்டவங்களைப் பாத்திருக்கேன், நீட் கேக்கறது அகில இந்திய ஒதுக்கீட்டு சீட்டுக்கு மட்டும்தான். நல்ல போர்டு மார்க் கையில இருந்தா ஜூன் மாசத்துல பிள்ளைக்கு மனசு மாறினாக்கூட போறதுக்கு வழி இருக்கு.

குறைன்னு பாத்தா, மேல போகப் போக நெரிசல். 195க்கு மேல அரை மார்க் வித்தியாசத்துல ரேங்க் ரொம்ப கீழ போயிடும், சென்டம் வாங்கற பிள்ளைங்க அவ்வளவு பேர். இன்னொண்ணு, மனப்பாடம் பண்ணியே 90 வாங்கிட முடியும், அப்படி வாங்கின பிள்ளை காலேஜ்ல ஃபர்ஸ்ட் செமஸ்டர் மேத்ஸ்ல உக்காந்து அழுவுது. மார்க் வந்துடுச்சு, பாடம் வரல.

அடுத்து ஜேஈஈ. மெயின் எக்ஸாம் ஜனவரில ஒரு தடவை, ஏப்ரல்ல ஒரு தடவை, ரெண்டுல எது நல்லா இருக்கோ அது கணக்கு. 75 கேள்வி, 300 மார்க், மூணு மணி நேரம், மேத்ஸ் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி ஒவ்வொண்ணுலயும் 25, சரின்னா 4 மார்க், தப்புன்னா 1 மைனஸ். இதுல மேல வர்ற ரெண்டரை லட்சம் பேர் அட்வான்ஸ்டு எழுதலாம், ஐஐடி சீட்டு அதுலதான். என்ஐடி, ட்ரிபிள் ஐடிக்கெல்லாம் மெயின் ரேங்க் போதும். திருச்சி என்ஐடில பாதி சீட் தமிழ்நாட்டுக்கு, அது நமக்கு ரொம்பப் பெரிய விஷயம். ஆனா இங்க ஒண்ணு கவனிக்கணும், அந்த சொந்த மாநிலம்ங்கறது நீங்க எங்க பொறந்தீங்க, ஆதார்ல என்ன அட்ரஸ்ங்கறது இல்ல, பிளஸ் டூ எந்த மாநிலத்துல பாஸ் பண்ணீங்கங்கறதுதான். கோச்சிங்குக்காக ஹைதராபாத், ராஜஸ்தான்ல இருக்கற கோட்டான்னு போய் அங்கயே பிளஸ் டூ எழுதினா திருச்சில உங்களுக்கு சொந்த மாநில ஒதுக்கீடு கிடைக்காது. ஹாஸ்டல் வசதி, ஃபேகல்டி எல்லாம் விசாரிக்கற பேரன்ட்ஸ் இதை மட்டும் விசாரிக்கறதே இல்ல.

போர்டை முழுசா ஓரங்கட்டிட்டு ஜேஈஈ மட்டும் படிக்கவும் முடியாது. ஐஐடி, என்ஐடில சேர பிளஸ் டூல 75 சதவீதம் இருக்கணும், எஸ்சி எஸ்டி பிள்ளைங்களுக்கு 65, இல்லேன்னா அந்த போர்டுல டாப் 20 பெர்சன்டைல்ல வரணும்.

காலண்டரைப் பாத்தா ஜேஈஈ ஏன் கஷ்டம்னு நல்லாப் புரியும். ஜனவரி எக்ஸாமுக்கு டிசம்பருக்குள்ள ரெண்டு வருஷ சிலபஸும் முடிஞ்சிருக்கணும், ஆனா நம்ம ஸ்கூல்ல டிசம்பர்ல அரையாண்டு, ஜனவரில ரிவிஷன் டெஸ்ட், பிப்ரவரில பிராக்டிகல், மார்ச்ல போர்டு, அது முடிஞ்ச கையோட ஏப்ரல்ல மறுபடி ஜேஈஈ. அதாவது ரெண்டு எக்ஸாமும் ஒரே நேரத்துல பிள்ளையை ரெண்டு பக்கமும் இழுக்கும். ஜேஈஈக்கே பழகின பிள்ளை நாலு ஆப்ஷனைப் பாத்து எலிமினேட் பண்ணி விடை எடுக்கும், போர்டுல அதே கணக்கை ஸ்டெப் ஸ்டெப்பா எழுதச் சொன்னா மூணு வரியில முடிச்சிட்டு அஞ்சுக்கு மூணு வாங்கும். பிசிக்ஸ் டெரிவேஷன் எழுதிப் பாக்காமலே போகும். புத்தியில குறை இல்ல, கை பழகல அவ்வளவுதான்.

அப்போ யாருக்கு ஜேஈஈ முதல் குறியா இருக்கலாம்? ஒரு கணக்கு வரலேன்னா விடையைப் பாக்காம ஒரு மணி நேரம் அதோட மல்லுக்கட்டற பிள்ளை, பத்தாவதுல 98 வாங்குச்சுங்கறதை விட இது முக்கியமான அடையாளம். பத்தாவது மேத்ஸ் 98ங்கறது உழைப்பைக் காட்டும், அது நல்லதுதான், ஆனா ஜேஈஈ கேக்கறது தெரியாத கணக்கு முன்னாடி பதட்டப்படாம உக்காரற குணம். தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கு ஒரு தகவல், மெயின் 2021லேர்ந்து தமிழ்லயும் எழுதலாம், அட்வான்ஸ்டு மட்டும் இங்கிலீஷ், ஹிந்தி ரெண்டுதான். மெயின் கம்ப்யூட்டர்ல எழுதற எக்ஸாம், திரையில படிச்சு பேப்பர்ல போட்டுப் பாத்துப் பழகாத பிள்ளைக்கு முதல் தடவை நேரமே பத்தாது.

நீட் கதை வேற. 180 கேள்வி, 720 மார்க், அதுல பயாலஜி மட்டும் 90 கேள்வி, 360 மார்க், சரி பாதி. பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45. மேத்ஸ் கிடையாது. பெரும்பாலும் மே மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நடக்கும், அதனால போர்டு முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல முழுசா கிடைக்குது, ஜேஈஈ பிள்ளைங்களுக்கு இந்த மூச்சு விடற நேரம் இல்ல. பயாலஜி பாடமும் போர்டுக்கும் நீட்டுக்கும் ரொம்ப ஒத்துப் போகும், நம்ம புது சிலபஸ் புக்கையும் என்சிஇஆர்டி புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா ரெண்டுக்கும் ஆகும். அதனால போர்டும் நீட்டும் சேர்ந்து படிக்கறது போர்டும் ஜேஈஈயும் சேர்ந்து படிக்கறதை விட சுலபம்னு சொல்லுவேன்.

ஆனா சீட் விஷயத்துல நீட்தான் ரொம்ப ஒத்தையடிப் பாதை. எம்பிபிஎஸ், பிடிஎஸ், சித்தா, ஆயுர்வேதம் எல்லாத்துக்கும் நீட், அது போச்சுன்னா அந்த ஸ்கோரை வச்சு வேற எங்கயும் பெருசா போக முடியாது. எவ்வளவு எடுத்தா சீட்டுன்னு உறுதியா சொல்லவும் முடியாது, 2024ல முதல் ரிசல்ட்ல 67 பேர் 720க்கு 720 வாங்கினாங்க, அடுத்த வருஷம் 2025ல பிசிக்ஸ் கடினமா வந்து இந்தியாவுக்கே முதல் மார்க் 686தான். அதனால பக்கத்து வீட்டு அண்ணன் ரெண்டு வருஷம் முன்னாடி இவ்வளவு எடுத்து சேந்தார்னு அந்த நம்பரை டார்கெட்டா வைக்காதீங்க, போன வருஷம் உங்க கம்யூனிட்டில கடைசி கவர்மென்ட் சீட் எந்த ரேங்க்ல முடிஞ்சுதுன்னு பாருங்க, மார்க் ஏறி இறங்கும், ரேங்க் அவ்வளவா ஆடாது.

ஒரே ஒரு கூட்டத்துக்கு நீட் கணக்கு அடியோட மாறும், ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளைங்க. 2020ல வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுல அவங்க போட்டி போடறது அவங்களுக்குள்ளதான், ஃபீஸும் அரசாங்கமே கட்டுது. 2021லேர்ந்து இன்ஜினியரிங், அக்ரி, வெட்டினரி, சட்டம்னு மத்த தொழிற்படிப்புக்கும் இந்த 7.5 இருக்கு. பத்தாவது முடிச்சதும் பிள்ளையை கடன் வாங்கி தனியார் ஸ்கூலுக்கு மாத்தறவங்க தயவுசெஞ்சு இதை ஒரு தடவை யோசிங்க. மாத்தின அன்னைக்கே அந்த ஒதுக்கீடு போயிடும், பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன்னு காலேஜ் போனப்புறம் மாசம் 1000 ரூபாய் வர்ற திட்டமும் போகலாம். ரெண்டு வருஷ ஃபீஸைக் கட்டி வாங்கற கோச்சிங் இந்த இழப்பை ஈடு கட்டுமான்னு பாத்தா எனக்கு நம்பிக்கை இல்ல. நல்லா படிக்கற பிள்ளைக்கு அரசு மாதிரிப் பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கு, தங்கிப் படிக்கலாம், ஜேஈஈ, நீட், சட்டப் படிப்புக்கான கிளாட்னு எல்லாத்துக்கும் பயிற்சி குடுக்கறாங்க, அங்க முயற்சி பண்ணலாம்.

சரி, குரூப். மேல சொன்னதெல்லாம் முடிவானா குரூப் கிட்டத்தட்ட தானா முடிவாயிடும். நீட் மட்டும்தான்னா பாட்டனி ஜுவாலஜி இருக்கற பியூர் சயின்ஸ் போதும், ஆனா மேத்ஸை விட்டா இன்ஜினியரிங் கதவு மூடிடும், அதனால நீட்ல சீட் வரலேன்னா நர்சிங், ஃபார்மசி, அக்ரி, வெட்டினரிக்கு மனசார தயாரா இருக்கற பிள்ளைக்குத்தான் அது. முடிவு பண்ண முடியாத பிள்ளைக்கு பயோ-மேத்ஸ், பாரம் அதிகம், ஆனா ரெண்டு பக்கமும் வழி திறந்து இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் பத்தி ஒரு தப்பான எண்ணம் ஊரெல்லாம் இருக்கு, பிஈ கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர பிளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்கணும்னு. தேவையே இல்ல. கட்-ஆஃப்ல மேத்ஸ் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மட்டும்தான் சேரும். அந்த குரூப்போட நிஜமான லாபம் வேற, பயாலஜி அளவுக்கு படிக்க இல்ல, அதனால ஜேஈஈக்கும் மேத்ஸுக்கும் நேரம் கிடைக்கும், பிளஸ் ஒன்ல சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூல பைத்தான்னு கை கொஞ்சம் பழகும். பயாலஜி புக்கைத் திறந்தாலே தூக்கம் வர்ற பிள்ளையை எதுக்கும் இருக்கட்டும்னு பயோ-மேத்ஸ்ல தள்ளாதீங்க, வாரத்துல அஞ்சாறு மணி நேரம் அதுக்கே போகும்.

காமர்ஸ் எடுக்கற பிள்ளைங்களுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்ல, ஆடிட்டர் படிப்போட முதல் எக்ஸாமான சிஏ ஃபவுண்டேஷனை பிளஸ் டூ எழுதினப்புறம் எழுதலாம், பத்தாவது முடிச்சதும் ரெஜிஸ்டர் பண்ணி வைக்கலாம். மார்க் கம்மியா வந்ததால காமர்ஸ்ங்கற பேச்சை வீட்ல யாரும் பேசாம இருந்தா அதுவே பெரிய உதவி. கையில வேலை செய்யப் புடிக்கற பிள்ளைக்கு பாலிடெக்னிக் மூணு வருஷ டிப்ளமோ, அது முடிச்சு நேரா பிஈ செகண்ட் இயர் லேட்டரல் என்ட்ரி.

கோச்சிங்குக்கு வருவோம். மூணு வகை இருக்கு, ஸ்கூலும் கோச்சிங்கும் ஒண்ணா நடத்தற இன்டகிரேட்டட் ஸ்கூல், சனி ஞாயிறு கிளாஸ், வீட்லயே சொந்தமா. இன்டகிரேட்டட் ஸ்கூல்ல அலைச்சல் இல்ல, கூடப் படிக்கற எல்லாருமே அதே குறியோட இருப்பாங்க, அது ஒரு உந்துதல். ஆனா அட்மிஷன் அப்போ ரெண்டு கேள்வி கண்டிப்பா கேளுங்க, பிளஸ் ஒன் பாடத்தை எந்த மாசம் முடிப்பீங்க, போர்டு மாதிரி எழுதற டெஸ்ட் மாசத்துக்கு எத்தன. முன்னாடி நெறைய தனியார் ஸ்கூல்ல பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டினாங்க, அதைத் தடுக்கத்தான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க. இப்போ 2025-26லேர்ந்து அந்தப் பொதுத்தேர்வு இல்ல. பிள்ளைங்களுக்கு பயம் கொறைஞ்சது எனக்கு சந்தோஷம்தான், ஆனா பழைய பழக்கம் திரும்ப வரும்னு பயமும் இருக்கு, ஏன்னா ஜேஈஈ நீட் ரெண்டுலயும் ஏறக்குறைய பாதி கேள்வி பிளஸ் ஒன்லேர்ந்து. பிளஸ் ஒன்னை கோட்டை விட்டுட்டு என்ட்ரன்ஸ் எழுதறது பாதிப் பாடம் தெரியாம எழுதறதுதான்.

பிளஸ் ஒன்னோட முதல் மூணு மாசம் பத்தி தனியா சொல்லியே ஆகணும். பிசிக்ஸ்ல ரெண்டாவது யூனிட்லயே வெக்டர், டிஃபரன்ஷியேஷன், இன்டகிரேஷன் வந்துடும், மேத்ஸ் புக்ல அந்தப் பாடமெல்லாம் வருஷக் கடைசில, ரெண்டாவது வால்யூம்ல இருக்கு. அதனால ஜூலை மாசமே பிள்ளை தனக்கு பிசிக்ஸ் வராதுன்னு முடிவு கட்டிடுது. அதுக்கு பிசிக்ஸ் வராம இல்ல, அதுக்குத் தேவையான மேத்ஸ் இன்னும் சொல்லித் தரல. பத்தாவது லீவுல ரெண்டு வாரம் ஒதுக்கி சாதாரண டிஃபரன்ஷியேஷன் ஃபார்முலா, வெக்டர் கூட்டல், ட்ரிக்னாமெட்ரி இதை மட்டும் கத்துக்கிட்டு போன பிள்ளைங்க முதல் மிட்டெர்ம்லயே தைரியமா இருக்கறதை நான் ஒவ்வொரு பேட்ச்லயும் பாக்கறேன். லீவுல ஆயிரக்கணக்குல கட்டி ஃபவுண்டேஷன் கோர்ஸ் போடறதுக்கு பதிலா இதைச் செய்யலாம்.

வீட்லயே படிக்கறது நடக்குமான்னு கேட்டா, ஜேஈஈ அட்வான்ஸ்டுக்கு சொல்லித்தர ஆள் இல்லாம ரொம்பக் கஷ்டம், மெயினுக்கும் நீட்டுக்கும் ஒழுங்கு இருந்தா நடக்கும். பழைய கேள்வித்தாள் இந்த எக்ஸாமை நடத்தற என்டிஏ சைட்லயே இருக்கு, என்சிஇஆர்டி புக்கும் நம்ம பாடநூலும் பிடிஎஃப்பா இலவசம், ஐஐடி கான்பூர் நடத்தற சாத்தி தளத்துல வீடியோவும் டெஸ்ட்டும் காசில்லாம கிடைக்குது. கிடைக்காதது ஒண்ணுதான், தப்பை உக்கார வச்சுத் திருத்தற மனுஷன். அதுக்கு ஸ்கூல் டீச்சரையே பிடிங்க, கேள்வியோட வந்து நிக்கற பிள்ளையைத் திருப்பி அனுப்பற டீச்சர் ரொம்பக் கம்மி.

இப்போ டார்கெட் எப்படி வைக்கறதுன்னு. நல்லாப் படிக்கணும், சென்டம் எடுக்கணும்ங்கறதெல்லாம் ஆசை, அதை வச்சு திங்கக்கிழமை சாயங்காலம் எதைப் படிக்கறதுன்னு முடிவு பண்ண முடியாது. டிஎன்இஏ சைட்ல போன வருஷங்களோட கட்-ஆஃப் காலேஜ் வாரியா, கோர்ஸ் வாரியா, கம்யூனிட்டி வாரியா இருக்கு. புடிச்ச காலேஜ் ஒண்ணு, கண்டிப்பா கிடைக்கும்னு தோணற காலேஜ் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மூணையும் எழுதுங்க. நடுவுல இருக்கறது 190ன்னு வச்சுக்குவோம், அப்போ மேத்ஸ் 96, பிசிக்ஸ் 94, கெமிஸ்ட்ரி 94 எடுத்தா 96 பிளஸ் 47 பிளஸ் 47, சரியா 190. பிசிக்ஸ்ல 94ன்னா பிராக்டிகல் இன்டர்னல் 30 போக தியரில 70க்கு 64, அதாவது 6 மார்க் விடலாம். இப்போ கால் ஆண்டுல 70க்கு 48 வந்திருக்குன்னா இன்னும் 16 மார்க், அந்த 16 எங்க போச்சு, ஒன் வேர்டுலயா, அஞ்சு மார்க் டெரிவேஷன்லயா, பேப்பரை எடுத்து வச்சு எண்ணிப் பாருங்க. அடுத்த ஒரு மாசத்துக்கு எதைப் படிக்கணும்னு அந்தப் பேப்பரே சொல்லும்.

என்ட்ரன்ஸ் கூட வைக்கறதா வேணாமாங்கற முடிவை பத்தாவது லீவுலயே எடுக்க வேணாம், பிளஸ் ஒன் அரையாண்டு வரைக்கும் டைம் குடுங்க. அப்போ முடிச்ச பாடத்துலேர்ந்து மட்டும் பழைய ஜேஈஈ மெயின் கேள்வியோ நீட் கேள்வியோ எடுத்து நேரம் வச்சு பிள்ளை போடட்டும். மார்க் எவ்வளவுங்கறது அப்போ பெருசில்ல, அடுத்த நாள் தப்பானதை எல்லாம் தானா எடுத்துப் பாக்குதான்னு கவனிங்க. பாத்தா என்ட்ரன்ஸ் வச்சுக்கலாம், ஓரமா வச்சுட்டா போர்டு மட்டும் போதும், அதுல எந்தக் கேவலமும் இல்ல. ஜேஈஈ, நீட் ரெண்டும் சேத்து மட்டும் வேணாம், பயாலஜிக்கு தெனமும் வாசிப்பு வேணும், மேத்ஸுக்கு தெனமும் கணக்கு வேணும், ஸ்கூல் முடிஞ்சு வந்து ரெண்டுக்கும் ஒரு பிள்ளைக்கு நேரம் கிடையாது.

ரிப்பீட் பண்றது பத்தி அதிகம் பேர் கேக்கறாங்க. ஒரு வருஷம் விட்டா பிளஸ் டூ மார்க் செல்லாமப் போயிடாது, அடுத்த வருஷமும் டிஎன்இஏவுக்கு அப்ளை பண்ணலாம். ஜேஈஈ மெயின் பிளஸ் டூ முடிச்ச வருஷத்தோட சேத்து மூணு வருஷம், அட்வான்ஸ்டு அடுத்தடுத்த ரெண்டு வருஷம், நீட்டுக்கு இத்தன தடவைன்னு கணக்கு இல்ல. கணக்கு இல்லாததாலதான் நீட்ல மூணு நாலு வருஷம்னு இழுத்துட்டுப் போகுது. போன வருஷம் சீட்டு முடிஞ்ச ரேங்க்குக்கு கிட்டத்துல வந்திருந்தா ஒரு வருஷம் திரும்ப எழுதலாம், ரொம்ப தூரத்துல இருந்தா பிள்ளைக்குப் புடிச்ச வேற படிப்புல சேக்கறது நல்லதுன்னு நான் சொல்றேன், அந்த முடிவையும் பிள்ளையைக் கேட்டுத்தான் எடுக்கணும், பதினேழு வயசுல ஒரு வருஷம் ரூமுக்குள்ள உக்காரப் போறது அதுதான்.

கடைசியா சர்டிபிகேட். பிளஸ் டூ செப்டம்பர்லயே இதையெல்லாம் இ-சேவைல பாத்து வச்சிடுங்க, மே மாசம் கூட்டம் நெரியும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்துல யாரும் டிகிரி முடிக்கலேன்னா முதல் தலைமுறை பட்டதாரி சான்றிதழ், அந்த சலுகை வீட்ல ஒரு பிள்ளைக்குத்தான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எட்டாவதுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் முழுக்க தமிழ்நாட்ல படிக்கலேன்னா இருப்பிடச் சான்றிதழ். 7.5 சதவீதத்துக்கு ஆறாவதுலேர்ந்து படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் எழுதி வாங்கணும், நடுவுல ஸ்கூல் மாறியிருந்தா அலைச்சல் அதிகம், சீக்கிரம் ஆரம்பிங்க. ஜேஈஈ, நீட் அகில இந்திய சீட்டுக்கு நம்ம பிசி, எம்பிசி சான்றிதழ் செல்லாது, மத்திய அரசு ஃபார்மட்ல ஓபிசி நான் கிரீமிலேயர் சான்றிதழ் தனியா வேணும், முதல்ல உங்க சாதி மத்திய பட்டியல்ல இருக்கான்னு பாத்துக்கங்க, ஏன்னா இங்க பிசில இருக்கற எல்லாமே அங்க இல்ல. ஐஐடி என்ஐடி சீட் ஒதுக்கறப்போ அந்த சான்றிதழ் அந்த வருஷம் ஏப்ரல் 1ந்தேதியோ அதுக்கப்புறமோ வாங்கினதா இருக்கணும், அதனால இதை மட்டும் முன்னாடியே வாங்கி வைக்காம ஏப்ரல் முதல் வாரத்துல அப்ளை பண்ணுங்க.